மஞ்சள் பூசின குட்டி

பதறாதீங்க தம்பி. சுத்தித் தேடவும் வேணாம். அது போயி அரை மணி நேரம் ஆவுது. கூண்டைத் தொறந்து உட்டது நான்தான்.

ஆமா, நானேதான். கொக்கியை எடுத்தேன், கதவை மேல தூக்கினேன், கீழ உழாம இருக்க அந்தக் கல்லை முட்டுக் குடுத்தேன். கல்லு இன்னும் அங்கயே இருக்குது பாருங்க. ஓடறவளா இருந்தா அப்பவே ஓடியிருப்பேன். நீங்க டீ வாங்கப் போனதைப் பாத்துட்டுத்தான் வந்தேன், அதையும் மறைக்கலை. உக்காருங்க. லாரி பதினோரு மணிக்குத்தானே? ரேஞ்சர் ஐயா நேத்து கூட்டத்துல சத்தமா சொன்னாரு, பதினோரு மணிக்கு லாரி வரும், ஓநாயை ஏத்திக்கிட்டு மிருகக்காட்சிசாலைக்குப் போயிடும்னு. இன்னும் மணி ஒம்பதுகூட ஆவலை. இப்ப போன் பண்ணினாலும் அவரு வந்து என்ன பண்ணப் போறாரு. அது இந்நேரம் பாறை ஏறியிருக்கும்.

கடிக்கலைங்க. கையில இது கொக்கி கிழிச்சது. எரியக்கூட இல்லை.

பேரு நஞ்சம்மா. எழுதிக்குங்க. மேல் கொட்டாய், கிடை போடறவங்க ஊடுன்னு கேட்டா சின்னப் புள்ளகூட காட்டும். ஊட்டுக்காரர் பேரை நான் சொல்ல மாட்டேன், அந்தப் பையில ரேஷன் கார்டு இருக்குது, திம்மராயன்னு போட்டிருக்கும். உயிரோட இருக்காரான்னா, இருக்காரு. எங்க இருக்காருன்னா, அதைத்தான் சொல்ல வர்றேன். ஊர்ல கேட்டா பெங்களூருல செக்யூரிட்டி வேலை, மாசத்துல ஒரு நாள்தான் லீவு, பௌர்ணமிக்குப் பௌர்ணமி வர்றாருன்னு சொல்லுவாங்க. நான்தான் அப்படிச் சொல்லி வெச்சிருக்கேன். அங்க வேற யாரையாச்சும் வெச்சிருக்கானா பாரு நஞ்சம்மான்னு பொம்பளைங்க கிண்டல் பண்ணுவாங்க. நான் சிரிச்சிட்டு வந்துடுவேன். அவங்க சொன்னதுல தப்பில்லையே.

இன்னிக்கி பௌர்ணமி. தெரியுமில்ல?

நீங்க வெளியூரு, கிடைன்னா தெரியுமோ தெரியாதோ. அறுப்பு முடிஞ்ச கொல்லையில ராத்திரிக்கு ஆட்டை அடைச்சி வெப்போம். புழுக்கையும் மூத்திரமும் மண்ணுக்கு உரம். ரெண்டு நாள் ஒரு கொல்லை, மூணு நாள் ஒரு கொல்லைன்னு நவுந்துக்கிட்டே போவோம். கொல்லைக்காரங்க ஊட்டுல இருந்து சோறு வரும். அப்படி எங்கப்பா கடலைக்கொல்லையில கிடை போட வந்தவருதான் அவரு. இருபத்திரெண்டு வருசம் ஆவுது. நான்தான் சோறு கொண்டு போவேன். பேசவே மாட்டாரு. வட்டலை வாங்குவாரு, தின்னுட்டுக் கழுவிக் குடுப்பாரு. எங்க நாயி பொல்லாதது, சொந்தக்காரங்களையே உடாது. அவரைப் பாத்தா மட்டும் குலைக்காது. கட்டிலுக்கு அடியில போயி ஒண்டிக்கிட்டு ஒண்ணுக்கு உட்டுடும். நான் அதை மரியாதைன்னு நெனச்சேன்.

ஆறாம் நாளோ ஏழாம் நாளோ, ஒரு ஆடு கொல்லையிலயே குட்டி போட்டுச்சி. ஈரம்கூட காயலை, அதைத் தூக்கி என் கையில குடுத்தாரு. “சூடா இருக்குதா?”ன்னாரு. அவரு என்கிட்ட மொத மொதலா பேசின பேச்சு அதுதான். எனக்கு அவரைப் புடிச்சிருந்துச்சி தம்பி. அதைச் சொல்லறதுக்கு என்ன. ரொம்பப் புடிச்சிருந்துச்சி.

கல்யாணம் ஆயி மொத அமாவாசை. எழுந்து பாத்தா பாயில ஆளு இல்லை. எங்க மாமியார் வாசல்ல உக்காந்து கேழ்வரகு பொடைச்சிக்கிட்டு இருந்தாங்க. எங்க போனாருன்னு கேட்டேன்.

“பாறைக்குப் போயிருக்கான்.”

“எதுக்கு?”

“ஓநாயாப் போயிருக்கான். நாளைக்கி சாயந்தரம் வந்துடுவான். தாலி கட்டறப்ப போட்டிருந்தானே ஒரு சட்டை, அதை எடுத்து பட்டி வேலியில மாட்டு. உன் கையாலதான் மாட்டணும். இருட்டறதுக்குள்ள, பௌர்ணமின்னா நெலா ஒரு ஆள் ஒசரம் ஏர்றதுக்குள்ள, அதைப் பாத்தான்னா மனுசனா உள்ள வருவான். பாக்கலைன்னா வர மாட்டான். ஒரு தடவை தவறினா தவறினதுதான்.”

பொடைக்கறதை நிறுத்தக்கூட இல்லை. நான் கேட்டேன், மாமனாரும் இப்படித்தானான்னு. ஆமான்னாங்க. அவரு எங்கன்னு கேட்டேன். “ஒரு நாளு மழை வர்ற மாதிரி இருந்துச்சி. சட்டை நனையுதேன்னு உள்ள எடுத்து வெச்சேன். அவ்வளவுதான்”னாங்க. முறத்தை ஒரு தட்டுத் தட்டிட்டு எழுந்து போயிட்டாங்க.

பைத்தியம்னு நெனக்கறீங்களா? நெனச்சிக்குங்க. எழுதறப்ப அப்படியே எழுதினாலும் எனக்கு ஒண்ணும் இல்லை.

மறுநாள் நான் பட்டிக்குள்ள ஆட்டோட ஆடா உக்காந்து பாத்தேன். வெளிச்சம் இருக்கறப்பவே வந்துச்சி. பெரிய ஓநாய்தான். ஆடு ஒண்ணுகூட மெரளலை. வேலிகிட்ட வந்து, முன்னங்காலைத் தூக்கி வெச்சி, சட்டைக்குள்ள தலையை உட்டுச்சி. நடுவுல என்ன ஆச்சின்னு தெரியலை. கண்ணைச் சிமிட்டினேனோ என்னமோ. பாத்தா அவரு நின்னு பொத்தான் போட்டுக்கிட்டு இருக்காரு. ஒரு பொத்தானை மாத்திப் போட்டிருந்தாரு. நான் எழுந்து போயி சரி பண்ணி உட்டேன். வேட்டியைக் குடுத்தேன். களி சூடா இருக்குது வாங்கன்னேன்.

எதுக்கு அழுவறது? எங்க அக்கா புருசன் தினமும் குடிச்சிட்டு வந்து பானையை ஒடைப்பான். இவரு மாசத்துல ஒரு நாள் ஊட்டுல இல்லை. எது பெருசு சொல்லுங்க. கை நீட்டினது இல்லை, ஒரு கெட்ட வார்த்தை பேசினது இல்லை. ஓநாய்க்கு என்ன தெரியும்னு நாம நெனக்கறோம். எனக்குக் காய்ச்சல்னா அவருக்கு மோப்பத்துலயே தெரியும். நான் சொல்லறதுக்கு முன்னாடி கசாயம் வெச்சிக் குடுப்பாரு. பன்னண்டு வருசம் ஒரு கொறையும் இல்லாமதான் இருந்தோம். புள்ளைதான் இல்லை. அது அவரு கொறையா, என் கொறையான்னு யாரும் பாக்கலை, நானும் கேக்கலை.

அப்பறம் நாளு கூடிக்கிட்டே போச்சி. அமாவாசை ஒரு நாளுன்னு இருந்தது மூணு நாளாச்சி. மூணு ஒரு வாரமாச்சி. பிறகு தேய்பிறை பூரா அங்க, வளர்பிறை பூரா இங்க. ரெண்டு ஊடு வெச்சிருக்கற ஆம்பளைக்குப் பஞ்சாயத்துல பிரிச்சி உடற கணக்கா பதினஞ்சி நாளு, பதினஞ்சி நாளு. நான் ஒண்ணும் சொல்லலை. வயசாச்சின்னா இப்படித்தான் போலிருக்குதுன்னு நெனச்சேன். எனக்குக் கோவம் இல்லை தம்பி. இதை எழுதிக்குங்க, கோவத்துல பண்ணினேன்னு எழுதிடாதீங்க. இந்த மூணு வருசமா பௌர்ணமி ஒரு நாளுதான் மனுசன். சாயந்தரம் வருவாரு, தண்ணி காய வெச்சி ஊத்துவேன், தின்னுட்டுப் படுத்துக்குவாரு. விடியறதுக்குள்ள சட்டையைக் கழட்டி, மடிச்சி, பாயி மேல வெச்சிட்டுப் போயிருப்பாரு. மடிப்பு அவ்வளவு சுத்தமா இருக்கும்.

அந்தச் சட்டைக்கு நான் எவ்வளவு பண்ணியிருக்கேன். சந்தன கலரு, டெரிகாட்டன். காலரு நைஞ்சி போச்சி, திருப்பி வெச்சித் தெச்சேன். முழங்கையில ஓட்டை, என் கல்யாணப் பொடவையில வெட்டி ஒட்டுப் போட்டேன். சோப்பு போட மாட்டேன், வாசனை போயிடும்னு. ரெண்டு நாளு நீங்க காவல் இருக்கீங்களே, உங்க சட்டையையும் யாராவது தொவைச்சித்தானே குடுத்திருப்பாங்க. அப்படித்தான், வேற ஒண்ணும் இல்லை.

சரி. அவ விசயத்துக்கு வர்றேன்.

யாரா? கூண்டுல இருந்தாளே அவதான். பின்னங்கால் ஒண்ணு நொண்டி, பாத்தீங்களா? இப்ப அடிபட்டது இல்லைங்க, பழைய நொண்டி. மொத மொத அவளை மூணு வருசத்துக்கு முன்னாடி பாத்தேன். பாறை ஓரமா ரெண்டும் போயிக்கிட்டு இருந்துச்சி. அவரு நாலு எட்டு வெப்பாரு, நிப்பாரு. அவ நொண்டிக்கிட்டு வந்து சேருவா. மறுபடி நாலு எட்டு வெப்பாரு, நிப்பாரு. எனக்கு அவரு நடை தெரியும். சந்தைக்குப் போறப்ப நான் பின்னாடி ஓடணும், அவ்வளவு வேகமா நடப்பாரு. ஒரு நாளும் நின்னது இல்லை.

நான் ஆட்டை ஓட்டிக்கிட்டு ஊட்டுக்கு வந்துட்டேன். அன்னிக்கி என்ன கொழம்பு வெச்சேன்னுகூட ஞாபகம் இருக்குது, கொள்ளுக்கொழம்பு.

அதுகூட பரவால்லை. ஓநாய்க்கு ஓநாய் தொணை வேணும். நான் என்ன பாறையில போயி குடும்பம் நடத்த முடியுமா? அதெல்லாம் யோசிச்சி சரின்னு உட்டுட்டேன். மஞ்சக்குட்டி விசயத்துலதான் எனக்கு மனசு கேக்கலை.

அது எங்க ஊட்டு வழக்கம். பொங்கல் கழிச்சி கிடையை மொத மொதலா கொல்லையில போடறப்ப, ஒரு குட்டிக்கு மஞ்சள் பூசி பட்டிக்கு வெளியில கட்டிடுவோம். ஓநாய் பங்கு அது. அந்தப் பங்கை எடுத்த ஓநாய் அந்த வருசம் எங்க பட்டியில வேற ஆட்டைத் தொடாது. பூசறது ஊட்டுப் பொம்பளைதான். எங்க மாமியார் பூசினாங்க, அவங்களுக்கு அப்பறம் நான். அவரு அதைத் தொட மாட்டாரு. சொந்தப் பட்டியில அவரே எப்படிப் பங்கு எடுப்பாரு? வேற ஏதாவது ஓநாய் வந்து எடுத்துட்டுப் போவும். போன வருசம் நான் கட்டிட்டு மறைவா நின்னேன். அவரு தூரத்துல மேட்டு மேல உக்காந்துக்கிட்டாரு. அவ வந்தா. நொண்டிக்கிட்டே நேரா வந்தா, மோந்துகூட பாக்கலை, மத்த ஆடு இருக்கற பக்கம் திரும்பலை. மஞ்சக்குட்டியை எடுத்துக்கிட்டு போயிட்டா. இந்த வருசமும் அதே மாதிரி.

நம்ம ஊட்டு வழக்கத்தை அவளுக்குச் சொல்லிக் குடுத்திருக்காரு தம்பி. என் கையால நான் பூசற மஞ்சளை அவளுக்குக் காட்டிக் குடுத்திருக்காரு.

கோவம் இல்லை. ஒரு மாதிரி இருந்துச்சி, அவ்வளவுதான். ரெண்டு நாளு காது சரியா கேக்கலை.

போன பௌர்ணமிக்கு வந்தாரு. எலும்பும் தோலுமா இருந்தாரு. நான் களி கிண்டி, கோழி அடிச்சிக் கொழம்பு வெச்சிருந்தேன். எப்பவும் ரெண்டு உருண்டை பண்ணுவேன், அவருக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு. தினமும் அப்படித்தான் பண்ணுவேன், அவரு இருந்தாலும் இல்லைன்னாலும். அன்னிக்கி அவருதைத் தின்னாரு, என்னுதையும் தின்னாரு. மறுபடி கிண்டச் சொன்னாரு. மூணாவதையும் தின்னாரு. கோழி ஒரு துண்டு மீதி இல்லை. எனக்கு என்ன சந்தோசம் தெரியுமா? நம்ம கைப்பக்குவத்தை இத்தனை வருசம் கழிச்சி இப்படித் தின்னறாரேன்னு. பட்டினியா படுத்தேன், தூக்கம் அப்படி வந்துச்சி.

விடியக்காலம் அவரு எழுந்து போறப்ப முழிப்பு வந்துடுச்சி. என்னமோ தோணுச்சி, பின்னாடியே போனேன். ஆட்டுக்காரிக்கு சத்தம் இல்லாம நடக்கத் தெரியும். காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னும் தெரியும். யானைப்பாறைக்குப் பின்னாடி ஒரு பொந்து. வெளிச்சம் வந்துடுச்சி, நல்லாத் தெரியுது. அவரு ஓநாயா நிக்கறாரு. பொந்துல இருந்து குட்டிங்க வருது. நாலு. தள்ளாடித் தள்ளாடி வந்து அவரு வாயை நக்குது. அவரு முதுகை வளைச்சாரு. கக்கினாரு.

களி தம்பி. நான் கிண்டின களி. கோழியும்.

நாலும் அடிச்சிக்கிட்டுத் தின்னுச்சிங்க. நொண்டி பொந்து வாசல்ல படுத்துக்கிட்டுப் பாத்துச்சி. கடைசியா கொஞ்சம் மீதி இருந்துச்சி. அதை மூக்கால அவகிட்ட தள்ளினாரு. அவ நக்கித் தின்னா.

நான் ஊட்டுக்கு வந்து, பானையைக் கழுவினேன்.

பத்து நாளு கழிச்சி லகுமப்பன் பட்டியில பதினோரு ஆடு செத்துச்சி. எங்க பக்கத்துக் கொல்லைக்காரன், அவனுக்கு இந்த வழக்கம் எல்லாம் கெடையாது. பங்கு வெக்கலைன்னா அது எடுக்கத்தான் எடுக்கும். ஊரே சேந்து மனு குடுத்துச்சி, நீங்கெல்லாம் வந்தீங்க, கூண்டு வெச்சீங்க. ஒரு வாரமா ஆட்டைக் கட்டிக் கட்டிப் பாத்தீங்க, ஓநாய் உள்ள போவலை. ஊர்ல சிரிச்சாங்க. அப்ப நான் ரேஞ்சர் ஐயாகிட்ட போயி சொன்னேன். “சும்மா ஆடு கட்டினா வராதுங்க. எளங்குட்டியா கட்டுங்க. மஞ்சள் பூசிக் கட்டுங்க. நொண்டி ஒண்ணு இருக்குது, அது மோந்துகூட பாக்காம உள்ள போயிடும்”னு.

அவரு என்னை உக்கார வெச்சி டீ வாங்கிக் குடுத்தாரு. ஆட்டுக்காரங்களுக்குத்தான் இதெல்லாம் தெரியும்னு பக்கத்துல இருந்தவங்ககிட்ட சொன்னாரு. குட்டியும் நான்தான் குடுத்தேன். மஞ்சளும் நான்தான் பூசினேன், என் கை பட்டாத்தான் வருவா. இத்தனைக்கும் யாரும் என்னைக் கேக்கலை. நானா போனேன்.

முந்தாநாள் காலையில மாட்டிக்கிச்சி. நான் சொன்ன மாதிரியே, நேரா போயிருக்குது.

ஊரே வந்து பாத்துச்சில்ல. நானும் வந்தேன். பாக்கணும்னு ஒண்ணும் ஆசை இல்லை, எல்லாரும் போனாங்க, போனேன். கூண்டுக்கிட்ட குனிஞ்சி பாத்தேன். நீங்க கோழி போட்டிருந்தீங்க, தொடலை. மூலையில நின்னுக்கிட்டு இருந்தா. படுக்கலை. ஏன் படுக்கலைன்னு உங்களுக்குத் தெரியுமா? மடி கட்டிக்கிச்சி. காம்பு எல்லாம் செவந்து வீங்கி, தகரத்துல பால் சொட்டிக்கிட்டு இருந்துச்சி. படுத்தா வலிக்கும்.

நேத்து வந்தேன். இன்னும் வீங்கியிருந்துச்சி. சொட்டறது நின்னு போச்சி. பால் கெட்டிப்பட்டா அப்படித்தான்.

ராத்திரி பூரா பால் ஞாபகம்தான். எங்க பட்டியில குட்டி செத்து மடி கட்டிக்கிட்ட ஆடு இருந்தா நான் சோறு தின்ன மாட்டேன், மொதல்ல பீச்சி உட்டுட்டுத்தான் தின்னுவேன். பழக்கம் அது. பாத்துட்டுச் சும்மா இருக்க வராது. குட்டிங்களும் ரெண்டு நாளு தாங்கும், மூணாம் நாளு தாங்காது. அவரு கக்கிக் குடுத்தாலும் பால் இல்லாம முடியாது, அவ்வளவு சின்னது. அதனால தொறந்து உட்டேன். பாவம் பாத்து இல்லை. அவ மேல எனக்கு என்ன பாவம்? மடி கட்டிக்கிச்சி, தொறந்தேன். அவ்வளவுதான் விசயம். அப்படியே எழுதிக்குங்க.

இல்லைங்க, அவரு கேப்பாருன்னு பயந்து இல்லை. அவரு கேக்க மாட்டாரு. இன்னிக்கி சாயந்தரம் வந்தா பொத்தானைப் போட்டுக்கிட்டு உக்காருவாரு, என் கையை மோந்தா மஞ்சள் வாசனை அடிக்கும், என்ன நடந்துச்சின்னு அவருக்குத் தெரிஞ்சிடும். களியைத் தின்னுவாரு. ஒரு வார்த்தை கேக்க மாட்டாரு. கேக்கவே மாட்டாரு.

கூண்டைத் தொறக்கறது சுலபமா இல்லை. நான் கிட்ட போனதும் பாய்ஞ்சா. கொக்கியில கை வெச்சா கம்பிக்குள்ள இருந்து கடிக்க வர்றா. என்னைத் தெரியும் அவளுக்கு. மஞ்சக் கை. ரெண்டு தடவை கையை இழுத்துக்கிட்டேன், அப்பதான் கிழிச்சது. நீங்க வேற வந்துடுவீங்க. பையில பாத்தேன். சட்டை இருந்துச்சி. எப்படி வந்துச்சின்னு கேக்காதீங்க. பௌர்ணமி அன்னிக்கி காலையிலயே எடுத்து வெயில்ல உதறி வெப்பேன், அந்தக் கையோட பையில போட்டிருப்பேன். களியும் அப்படித்தான், ரெண்டு உருண்டை, தூக்குல போட்டுக் கொண்டாந்துட்டேன். எல்லாத்தையும் எடுத்துக்கிட்டு வந்திருக்கேன், என்னத்துக்குன்னு எனக்கே தெரியலை.

சட்டையைக் கம்பி வழியா உள்ள தள்ளினேன்.

மோந்தா. காலரை மோந்தா, முழங்கையில என் பொடவை ஒட்டு இருக்குதே, அதை மோந்தா. அப்பறம் அது மேல படுத்துக்கிட்டா. ரெண்டு நாளா படுக்காதவ, வலியோட படுத்துக்கிட்டா. சத்தம் இல்லை. நான் நிதானமா கொக்கியை எடுத்துக் கதவைத் தூக்கினேன்.

உடனே ஓடிடுவான்னு நெனச்சேன். ஓடலை. எழுந்து வந்தா, என் கால்கிட்ட நின்னா, என் பொடவையை மோந்தா. எவ்வளவு நேரம்னு தெரியலை. நானும் அவளைப் பாத்தேன். காது ஒண்ணு கிழிஞ்சிருக்குது, கிட்ட பாத்தாத்தான் தெரியுது. வயசானவதான், என்னை மாதிரி. பிறகு திரும்பிக் கூண்டுக்குள்ள போனா. ஏண்டி போறேன்னு கேட்டேன். போயி, சட்டையை வாயில கவ்விக்கிட்டு வந்தா. என்னைத் தாண்டிப் போனா.

நொண்டிக்கிட்டுத்தான் போனா தம்பி. சட்டைக்கை தரையில இழுபட்டுக்கிட்டு இருந்துச்சி. ரெண்டு எட்டு வெச்சிருந்தா புடிச்சிருக்கலாம். ஒரு சத்தம் போட்டிருந்தா போட்டுட்டு ஓடியிருப்பா. எனக்கு ஆட்டை அதட்டத் தெரியும், ஓநாயை அதட்டத் தெரியாதா?

நின்னுக்கிட்டு இருந்தேன்.

கல்லைத் தாண்டி, அந்த உண்ணிச்செடிப் பொதர் வரைக்கும் தெரிஞ்சா. அப்பறம் தெரியலை. இந்நேரம் குட்டிங்களுக்குக் கீழ போட்டிருப்பா. பாறையில குளிரு ஜாஸ்தி, நல்லதுதான், டெரிகாட்டன் சூடா இருக்கும்.

இல்லைங்க, அங்க அந்தச் சட்டையைப் பாத்தா அவருக்கு ஒண்ணும் ஆவாது. பொண்டாட்டி கையால பட்டி வேலியில மாட்டினாத்தான் மனுசனாவாரு. சாயந்தரம் வேலிகிட்ட வருவாரு. பாப்பாரு. வேலி காலியா இருக்கும். நெலா ஒரு ஆள் ஒசரம் ஏர்ற வரைக்கும் நிப்பாருன்னு நெனக்கறேன். அவரு அவசரப்பட மாட்டாரு. அப்பறம் போயிடுவாரு. அவரு நாலு எட்டு வெச்சி நின்னு நின்னு போக வேண்டியதில்லை, அவ பாறையிலயேதான் இருப்பா.

மாமியார் சட்டையை நனையக் கூடாதுன்னு உள்ள எடுத்து வெச்சாங்க. நான் கூண்டுக்குள்ள தள்ளினேன். ரெண்டும் ஒண்ணுதான்.

அழுவலை. கண்ணு எரியுது, தூங்கலையில்ல, அதான்.

உங்ககிட்ட ஒண்ணே ஒண்ணு கேக்கணும். கேஸ் போடறதுன்னா போடுங்க, ஜெயிலுன்னாலும் சரி. ரேஞ்சர் ஐயா வந்து கத்துவாரு, கத்தட்டும். ஆனா சாயந்தரம் வரைக்கும் என்னை ஊட்டுக்கு அனுப்பாதீங்க. மெதுவா எழுதுங்க. ஒரு தடவை எழுதினதைக் கிழிச்சிப் போட்டுட்டு மறுபடி எழுதுங்க. நெலா மேல ஏறின பிறகு உடுங்க, போதும். அவரோட பழைய வேட்டி ஒண்ணு ஊட்டுல இருக்குது, துண்டு ஒண்ணு இருக்குது. நான் அங்க இருந்தா, அவரு வேலிகிட்ட வந்து நிக்கறதைப் பாத்தா, ஆவாதுன்னு தெரிஞ்சும் எதையாவது கொண்டு போயி மாட்டிடுவேன். அது ஆவாது. அவரு அதையே பாத்துக்கிட்டு நிப்பாரு. நானும் நிப்பேன். ரெண்டு பேரும் விடிய விடிய நிப்போம். குட்டிங்க அங்க தனியா இருக்குமே.

அதுக்குத்தான் இங்க உக்காந்திருக்கேன். கூண்டு காலியாத்தானே இருக்குது, வேணும்னா என்னை உள்ள வெச்சி கொக்கியைப் போடுங்க. நான் ஒண்ணும் நெனச்சிக்க மாட்டேன்.

மணி என்ன? ஒம்பதா? அப்ப நெறைய நேரம் இருக்குது.

காலையில இருந்து ஒண்ணும் தின்னிருக்க மாட்டீங்க, அந்த டீயும் ஆறிப் போச்சி. இந்தத் தூக்கை இப்படி நவுத்துங்க. ரெண்டு உருண்டை இருக்குது, கொழம்பு அடியில கிண்ணத்துல இருக்குது. ஒண்ணு எனக்கு, ஒண்ணு நீங்க எடுத்துக்குங்க. யாருதுன்னு எல்லாம் பாக்காதீங்க. தின்னுங்க தம்பி, நீங்க தின்னா அது வயித்துலயே இருக்கும்.